ஓர் அறைக்கு ஏன் இரண்டு கட்டில்? முதியோர் இல்லம் கட்டிய இசைமேதை வெர்டியின் கதை

1901 ஜனவரி கடைசி வாரம். இத்தாலியின் மிலான் நகரில் ஒரு ஹோட்டலைச் சுற்றியிருந்த தெருக்களில் வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். குதிரை வண்டிகளின் சத்தம் மாடியில் படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்பதற்காக. பக்கவாதம் வந்து நினைவிழந்து கிடந்தவர் ஜுசெப்பே வெர்டி. வயது 87. 'ரிகோலெட்டோ', 'லா டிராவியாட்டா', 'ஐடா' போன்ற ஓபராக்களால் உலகமே அறிந்த இசையமைப்பாளர். ஜனவரி 27 அன்று அவர் உயிர் பிரிந்தது.

அதே மிலானில், அவர் சொந்தப் பணத்தில் கட்டி முடித்த ஒரு பெரிய வீடு திறக்கப்படாமலே நின்றுகொண்டிருந்தது. வயதாகிப்போன, கையில் காசில்லாத இசைக் கலைஞர்களுக்கான வீடு அது. தான் படைத்தவற்றிலேயே ஓபராக்களைவிட இந்த வீட்டைத்தான் வெர்டி மேலாக நினைத்தார். ஆனால், தான் உயிரோடு இருக்கும்வரை அதைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

ஏன்? அதைத் தெரிந்துகொள்ள அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். வேலைக்காக வேறு ஊரில் இருந்துகொண்டு, வயதான அம்மா, அப்பாவை யார் பார்த்துக்கிறது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில், 'அசிஸ்டட் லிவிங்' என்றால் என்ன?

இந்தப் பெயர் பரவலானது 1980-களில், அமெரிக்காவில். முழுநேர நர்ஸ் கவனிப்பு தேவைப்படாதவர், ஆனால் தனியாகவும் சமாளிக்க முடியாதவர்; குளிக்க, உடை மாற்ற, நேரத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ள, சமைத்துச் சாப்பிட ஒரு கை உதவி தேவைப்படுபவர். அவருக்குத் தனக்கென்று ஓர் அறை இருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை இருக்கும். கூப்பிட்டால் ஆள் வரும். இதுதான் அடிப்படை.

இதற்கு முந்தைய படி, உதவி ஏதும் தேவைப்படாத முதியவர்கள் ஒரே வளாகத்தில் வசிக்கும் குடியிருப்பு. அடுத்த படி, படுக்கையில் இருப்பவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்குமான மருத்துவப் பராமரிப்பு இல்லம். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவுகளும் உண்டு. இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் பெயர்கூட இல்லாத காலத்தில்தான் வெர்டி தன் இல்லத்தைத் திட்டமிட்டார்.

சத்திரக்காரர் மகன்

வெர்டி பிறந்தது 1813 அக்டோபரில். ஊர், வட இத்தாலியில் புசெட்டோவுக்குப் பக்கத்திலுள்ள ரோங்கோலே என்ற சின்னக் கிராமம். அப்பா கார்லோ சத்திரம் நடத்தியவர். அம்மா லூயிஜா நூல் நூற்றவர். வசதியான குடும்பம் கிடையாது. ஆனாலும் பையனின் ஆசையைப் பார்த்து, பியானோவைப் போலக் கட்டைகள் கொண்ட பழைய ஸ்பினெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் பழுதுபார்க்க வந்த தொழிலாளி, பையனின் ஆர்வத்தைப் பார்த்துக் கூலியே வாங்கவில்லை. அந்த ஸ்பினெட்டை வெர்டி கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

சிறுவனாக இருக்கும்போதே ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. புசெட்டோவில் மளிகை வியாபாரம் செய்துவந்த அந்தோனியோ பரெத்சி, பையனைத் தன் வீட்டோடு சேர்த்துக்கொண்டு மேல்படிப்புக்கும் உதவினார். அவரைத் தன் இரண்டாவது தகப்பனாராகவே வெர்டி கடைசிவரை மதித்தார்.

1832-ல், 18 வயதில், மிலான் இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். இடம் கிடைக்கவில்லை. சேர்க்கைக்கான வயதைத் தாண்டிவிட்டார். வேறு ஆட்சிப் பகுதியிலிருந்து வந்தவர். பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை. இப்படிச் சில காரணங்கள். இன்று அதே கல்லூரிக்கு வெர்டியின் பெயர்தான். ஆனால் அன்று அவர் வெளியே தனி ஆசிரியரிடம்தான் படிக்க வேண்டியிருந்தது.

இரண்டே ஆண்டுகளில் மூன்று மரணம்

1836-ல் பரெத்சியின் மகள் மார்கரீட்டாவை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன். 1838-ல் மகள் இறந்தாள். 1839-ல் மகன். 1840 ஜூனில் மார்கரீட்டாவும் போய்விட்டார். குடும்பமே இல்லாமல் போனபோது வெர்டிக்கு 26 வயது. அப்போது அவர் எழுதி முடிக்க வேண்டியிருந்தது ஒரு நகைச்சுவை ஓபரா. செப்டம்பரில் மேடையேறியது; படுதோல்வி.

இனி இசையே வேண்டாம் என்று முடிவெடுத்தவரை லா ஸ்காலா அரங்கின் நிர்வாகிதான் விடாமல் இழுத்து வந்தார். 1842 மார்ச்சில் 'நபுக்கோ' அரங்கேறியது. அதன் பிறகு வெர்டிக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

அந்த மேடையில் கதாநாயகியாகப் பாடியவர் ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனி. பிற்காலத்தில் வெர்டியின் மனைவியானவர். இசைக் கலைஞர்களின் முதுமைக்கு ஏன் தனியாக ஒரு வீடு வேண்டும் என்பது அவர் வாழ்க்கையைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

30 வயதில் முடிந்துபோன குரல்

ஜுசெப்பினாவின் அப்பாவும் இசைக் கலைஞர்தான். 1832-ல் இறந்தபோது குடும்பத்துக்கென்று எதையும் விட்டுச்செல்லவில்லை. பதின்ம வயதில் இருந்த ஜுசெப்பினா பாடிச் சம்பாதித்துத் தாயையும் உடன்பிறந்தவர்களையும் காப்பாற்றினார். ஓய்வில்லாமல் ஊர் ஊராகப் பாடினார். 'நபுக்கோ' அரங்கேறியபோதே குரல் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது. 1846 வாக்கில் மேடையை விட்டு விலகி, பாரிஸில் பாட்டு சொல்லிக் கொடுக்கப் போய்விட்டார். வயது 30-ஐத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் மாதச் சம்பளம் கிடையாது. சீசனுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். சீசன் முடிந்தால் வருமானமும் முடிந்தது. குரல் போனால், விரல் நடுங்கினால், பல் விழுந்து குழல் ஊத முடியாமல் போனால் தொழிலே போச்சு. ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. முதுமைக்கான கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் ஜெர்மனியில் வந்தது 1889-ல். இத்தாலியில் அது கட்டாயமானது 1919-ல், வெர்டி இறந்து 18 ஆண்டுகள் கழித்து.

வெர்டியும் ஜுசெப்பினாவும் 1847 முதல் பாரிஸில் ஒன்றாக வாழத் தொடங்கினார்கள். 1849-ல் புசெட்டோவுக்கு வந்தபோது ஊர் வாயில் விழுந்தார்கள். திருமணம் நடந்தது 1859-ல்தான்.

பெற்றோருடன் போட்ட ஒப்பந்தம்

வெர்டியின் வாழ்க்கையில் பலர் பேசாமல் கடந்துபோகும் ஒரு பகுதி இது. 1851-ல் அவர் தன் பெற்றோரிடமிருந்து சட்டப்படி பிரிந்தார். சும்மா கோபத்தில் வீட்டை விட்டுப் போனது கிடையாது; நோட்டரி முன்னிலையில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். புசெட்டோ அருகே சான்ட் அகாட்டாவில் அவர் வாங்கிய நிலம், பண்ணைக் கணக்கு, தந்தை தன் பெயரில் செய்த வரவு செலவு என்று உரசல்கள் சேர்ந்துகொண்டே போயின. பெற்றோர் வேறு வீட்டுக்குப் போனார்கள். குடியிருக்க இடமும் செலவுக்குப் பணமும் மகன் பொறுப்பு என்று முடிவானது.

அதே ஆண்டு ஜூன் கடைசியில் அம்மா இறந்துவிட்டார். வெர்டி உடைந்துபோனார் என்று அருகிலிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பணம் அனுப்பினால் போதுமா என்ற கேள்விக்கு 19-ம் நூற்றாண்டிலும் லேசான பதில் இல்லை. வெர்டியை நல்ல மகன், கெட்ட மகன் என்று தீர்ப்புச் சொல்ல இதை இங்கே எழுதவில்லை. பின்னாளில் முதியவர்களுக்காக ஒரு வீட்டை இவ்வளவு யோசித்துக் கட்டியவரும், தன் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் சிக்கலைச் சந்தித்தவர்தான் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காசு எங்கிருந்து வந்தது?

வெர்டி இளைஞராக இருந்தபோது, ஓர் ஓபராவை எழுதி அரங்க நிர்வாகிக்குக் கொடுத்தால் ஒரு தொகை கிடைக்கும். பிறகு அது எத்தனை ஊரில் ஓடினாலும் இசையமைப்பாளருக்குப் பெரிதாக ஒன்றும் வராது. இத்தாலி அப்போது பல சிறு ராஜ்ஜியங்களாகச் சிதறிக் கிடந்தது. ஓர் ஊரின் சட்டம் அடுத்த ஊரில் செல்லாது. திருட்டுப் பிரதிகள் சாதாரணம்.

1861-ல் இத்தாலி ஒரே நாடானது. அந்த முதல் நாடாளுமன்றத்தில் வெர்டியும் உறுப்பினர். 1865-ல் நாடு முழுவதற்குமான காப்புரிமைச் சட்டம் வந்தது. வெர்டியும் அவருடைய பதிப்பாளர் ரிக்கோர்டி நிறுவனமும் இதைக் கறாராகப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு முறை ஓபரா மேடையேறும்போதும், ஒவ்வொரு முறை இசைக் குறிப்பு வாடகைக்குப் போகும்போதும் ஒரு பங்கு. கணக்கில் குறை தெரிந்தால் வெர்டி விடமாட்டார். காசு விஷயத்தில் கெட்டியான ஆள் என்று பெயர் வாங்கினார்.

அந்தக் கெட்டித்தனம்தான் பின்னால் முதியோர் இல்லத்துக்குச் சோறு போட்டது.

1867: எல்லாம் ஒரே ஆண்டில்

ஜனவரியில் அப்பா கார்லோ இறந்தார். ஜூலையில் பரெத்சி. அதே ஆண்டில், உறவினர் வீட்டுப் பெண் குழந்தை ஒன்றை வெர்டியும் ஜுசெப்பினாவும் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்க்கத் தொடங்கினார்கள். பின்னாளில் வெர்டியின் வாரிசான மரியா அவர்தான்.

டிசம்பரில் இன்னொரு அடி. 'ரிகோலெட்டோ', 'லா டிராவியாட்டா' உட்பட வெர்டியின் பல ஓபராக்களுக்குக் கதை வசனம் எழுதிய பிரான்செஸ்கோ மரியா பியாவேவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச முடியவில்லை, நடக்க முடியவில்லை. 1876-ல் இறக்கும்வரை எட்டு ஆண்டுகளுக்கு மேல் அப்படியேதான் கிடந்தார். வீட்டில் மனைவியும் சிறு பெண் குழந்தையும். உலகமே பாடிக்கொண்டிருந்த பாடல்களை எழுதியவரின் வீட்டில் வருமானம் நின்றுபோனது.

வெர்டி பண உதவி செய்தார். அதோடு நிற்காமல், தன்னையும் சேர்த்து ஆறு இசையமைப்பாளர்கள் ஆளுக்கொரு பாட்டு எழுதி, அதை ஒரு தொகுப்பாக வெளியிட்டு, அதன் வருமானம் பியாவேயின் மகளுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்.

புகழ் ஒருவருக்கு முதுமையில் எந்தப் பாதுகாப்பும் தராது என்பதை வெர்டி இப்படிப் பக்கத்திலிருந்தே பார்த்தார்.

ஆஸ்பத்திரி கட்டினார், பிறகு சமையலறையைச் சோதித்தார்

சான்ட் அகாட்டாவைச் சுற்றியிருந்த கிராமத்து மக்களுக்குப் பக்கத்தில் மருத்துவமனை கிடையாது. அருகிலிருந்த வில்லனோவா கிராமத்தில் வெர்டி ஒரு மருத்துவமனை கட்டினார். 1888 நவம்பரில் அது செயல்படத் தொடங்கியது. வாசலில் தன் பெயர் வேண்டாம் என்றார்.

நன்கொடை கொடுத்த பலர் திறப்பு விழாவோடு நிறுத்திக்கொள்வார்கள். வெர்டி அப்படி இல்லை. சில வாரங்களிலேயே அவர் காதுக்குப் புகார்கள் வந்தன. உடனே நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டார். நோயாளிகளுக்குச் சாப்பாடு போதவில்லை. கிடங்கில் ஒயின் இருந்தும் அளந்து அளந்து ஊற்றுகிறார்கள். பால் சுத்தமான பால் இல்லை. எண்ணெய் மட்டமானது, அரிசி பாதி கெட்டுப்போனது. இறந்துபோன ஏழைகளின் குடும்பத்திடம் அடக்கச் செலவையும் வசூலிக்கிறார்கள். இத்தனையையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டிருந்தார்.

பராமரிப்பு இல்லம் எதையாவது பார்வையிடப் போகிறவர்கள் இந்தக் கடிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வரவேற்பறைச் சோபாவைவிட அரிசியும் பாலும் உண்மையைச் சொல்லும்.

இல்லத்தின் திட்டம்

அடுத்த ஆண்டு, 1889-ல், மிலான் நகரின் அப்போதைய எல்லைக்கு வெளியே ஒரு மனை வாங்கினார் வெர்டி. அப்போது வயது 76. கூடவே புதிய ஓபரா ஒன்றுக்கான வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. அது 1893-ல் மேடையேறிய 'ஃபால்ஸ்டாஃப்'. கட்டிடப் பொறுப்பைக் காமில்லோ போய்ட்டோ என்ற கட்டிடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். அவர் தம்பி அர்ரிகோ போய்ட்டோதான் வெர்டியின் கடைசி இரண்டு ஓபராக்களுக்கும் எழுத்தாளர். 1896-ல் தொடங்கிய கட்டிட வேலை 1899-ல் முடிந்தது.

மொத்தம் 100 பேருக்கான வீடு: 60 ஆண்கள், 40 பெண்கள். 65 வயதைத் தொட்டிருக்க வேண்டும். இசைத் தொழில் செய்தவராக இருக்க வேண்டும். வசதி இல்லாதவராக இருக்க வேண்டும். புகழ்பெற்ற பாடகரா, கோரஸில் கடைசி வரிசையில் நின்றவரா என்பது நிபந்தனை இல்லை.

இதில் வெர்டி கவனமெடுத்துத் தீர்மானித்த மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கட்டில். அன்றைய ஆதரவற்றோர் விடுதிகளில் நீண்ட கூடம், வரிசையாகப் படுக்கை என்பதுதான் வழக்கம். வெர்டி அதை விரும்பவில்லை. அதே சமயம் ஆளுக்கொரு தனி அறையும் வேண்டாம் என்றார். ஓர் அறைக்கு இரண்டு பேர். காரணம் எளிமையானது: வயதானவருக்கு நடு ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அழைப்பு மணியும் சிசிடிவி கேமராவும் இல்லாத காலத்தில், அந்த இரண்டாவது கட்டில்தான் பாதுகாப்பு ஏற்பாடு.

இன்றைக்குத் தனியறையைத்தான் பலர் விரும்புவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார் என்ற கேள்வி மாறவில்லை.

இரண்டாவது, பெயர். இத்தாலியில் அப்போது இப்படிப்பட்ட இடங்களுக்கு 'ரிக்கோவெரோ' என்ற சொல் வழக்கில் இருந்தது. அடைக்கலம், போக்கிடம் என்று பொருள். அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு 'காசா டி ரிப்போசோ', அதாவது ஓய்வு வீடு என்று வைத்தார்கள். தங்கியிருப்பவர்களை விருந்தினர்கள் என்றே அழைக்கிறார்கள். வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லும்போது நம் குரல் எப்படித் தாழ்ந்துபோகிறது என்பதை யோசித்தால், பெயர் ஏன் முக்கியம் என்று தெரியும்.

மூன்றாவது, இசை. உள்ளே கச்சேரி அரங்கும் பியானோக்களும் உண்டு. வாழ்நாள் முழுக்கப் பாடியவர் 70 வயதுக்குப் பிறகும் பாடலாம், வாசித்தவர் வாசிக்கலாம். பக்கத்து அறைக்காரருக்கும் அதே தொழில் என்பதால், எதைப் பற்றிப் பேசுவது என்று தேட வேண்டியதில்லை. இங்கே வந்து சேர்ந்தவர் ஒரே நாளில் வெறும் முதியவராகிவிடுவதில்லை. வயலின்காரர் வயலின்காரராகவே இருக்கிறார்.

திறக்காத கதவு

1897 நவம்பரில் ஜுசெப்பினா இறந்தார். அரை நூற்றாண்டுத் துணை. அதன் பிறகு வெர்டியை வளர்ப்பு மகள் மரியாவும் சில பழைய நண்பர்களும் பார்த்துக்கொண்டார்கள். சான்ட் அகாட்டாவின் பெரிய வீடு அவருக்கு வெறுமையாகிவிட்டது. மிலானுக்கு வந்தால் எப்போதும் தங்கும் கிராண்ட் ஹோட்டலில் அவருக்கென்று அறை இருந்தது. சாப்பாடு அறைக்கு வந்துவிடும், கூப்பிட்டால் பணியாள் வருவார், மருத்துவர் அருகிலேயே. பெயர்தான் ஹோட்டல், நடைமுறையில் அது அவருக்கு அசிஸ்டட் லிவிங். கையில் பணம் இருந்தவருக்கு அது கிடைத்தது. பணம் இல்லாத சக கலைஞர்களுக்கு அதே போன்ற ஒன்றைத்தான் அவர் சில கிலோமீட்டர் தள்ளிக் கட்டி வைத்திருந்தார்.

1899 டிசம்பரில் இல்லத்துக்கான அறக்கட்டளை சட்டப்படி உருவானது. கட்டிடமும் தயார். ஆனாலும் திறக்கவில்லை. உள்ளே வருகிறவர்கள் தன்னிடம் வந்து நன்றி சொல்லிக்கொண்டு நிற்பதை வெர்டி விரும்பவில்லை. அதனால்தான் தன் காலத்துக்குப் பிறகே கதவு திறக்க வேண்டும் என்றார்.

இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு நுட்பம் இருக்கிறது. உதவி வாங்குகிறவர் ஒவ்வொரு நாளும் நன்றி காட்ட வேண்டியிருந்தால், அந்த வீடு அவர் வீடு ஆகாது. சாப்பாடு சரியில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பெற்றோர் பலருக்கும் இந்தச் சங்கடம் தெரியும்.

1900-ல் எழுதிய உயிலில், தன் ஓபராக்களிலிருந்து வரும் காப்புரிமை வருமானத்தை இல்லத்துக்கு எழுதி வைத்தார். உலகில் எங்கே 'ஐடா' மேடையேறினாலும் மிலானில் ஒரு முதியவருக்குச் சாப்பாடு என்று கணக்கு.

மரணமும் திறப்பும்

1901 ஜனவரி 21. ஹோட்டல் அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. ஆறு நாள் கழித்து மரணம். இறுதி ஊர்வலம் ஆடம்பரமில்லாமல், இசையில்லாமல் நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தார், அப்படியே நடந்தது. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 26 அன்று, அவர் உடலையும் ஜுசெப்பினாவின் உடலையும் இல்லத்தின் வளாகத்துக்கு மாற்றினார்கள். அன்று நகரமே தெருவில் திரண்டது. டோஸ்கனினி நடத்த, சுமார் 800 பேர் 'நபுக்கோ' ஓபராவின் புகழ்பெற்ற கோரஸைப் பாடினார்கள். இருவருடைய கல்லறையும் இன்றும் அங்கேதான்.

1902 அக்டோபர் 10. வெர்டியின் பிறந்த நாள். அன்று இல்லம் முதல் விருந்தினர்களுக்குக் கதவைத் திறந்தது.

அதன் பிறகு என்ன ஆனது?

120 ஆண்டுகளுக்கு மேலாகியும் இல்லம் நடந்துகொண்டிருக்கிறது. இதுவரை 1,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். மிலான்காரர்கள் அதைச் சுருக்கமாகக் 'காசா வெர்டி' என்கிறார்கள். 1984-ல் டேனியல் ஷ்மித் அங்கிருந்த கலைஞர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

1960-களின் தொடக்கத்தில் வெர்டியின் காப்புரிமைக் காலம் முடிந்தது. பெரிய வருமானம் நின்றது. அதற்குள் சேர்த்து முதலீடு செய்திருந்த சொத்து, நன்கொடைகள், விருந்தினர்கள் அவரவர் ஓய்வூதியத்துக்கும் வசதிக்கும் ஏற்பத் தரும் தொகை ஆகியவற்றால் சமாளித்து வருகிறார்கள்.

1990-களின் இறுதியிலிருந்து இன்னொரு மாற்றம். மிலானில் இசை படிக்கும் மாணவர்களுக்கும் அதே வளாகத்தில் குறைந்த செலவில் இடம் தருகிறார்கள். 20 வயதுப் பாடகியும் 85 வயதுப் பாடகியும் ஒரே சாப்பாட்டு அறையில். மாணவருக்குப் பாடம், முதியவருக்குப் பேச்சுத்துணை. மாணவர் விடுதியையும் முதியோர் இல்லத்தையும் சேர்க்கும் இந்த யோசனை இன்று பல நாடுகளில் முயற்சிக்கப்படுகிறது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

வெர்டியைப் போல எல்லோராலும் இல்லம் கட்ட முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்விகளைக் கேட்க முடியும். பெற்றோருக்காக ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

• ராத்திரி யார் இருக்கிறார்? பகலில் பார்க்கும் ஊழியர்களின் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். இரவுப் பணியில் எத்தனை பேர், அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று கேளுங்கள்.

• சாப்பாடு எப்படி? முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வேளை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் குறை சொன்னால் அதை யார் கேட்கிறார் என்பதையும் விசாரியுங்கள்.

• உள்ளே அவர் யாராக இருப்பார்? அம்மா டீச்சராக இருந்தவரா, அப்பா மெக்கானிக்காக இருந்தவரா? அந்தத் திறமைக்கு அங்கே ஏதாவது இடம் உண்டா, இல்லை நாள் முழுக்க டிவி முன்னால்தானா?

• பணம் எத்தனை ஆண்டுக்குத் தாங்கும்? முன்பணம் எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா, மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும்? நிறுவனமே கைமாறினால் அல்லது மூடினால் என்ன ஆகும்? எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

• உடல்நிலை மோசமானால்? இப்போது நடக்கிறவர் நாளைக்குப் படுக்கையில் விழுந்தால், மறதி நோய் வந்தால், அங்கேயே கவனிப்பார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா?

• போகிறவர் சம்மதித்தாரா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் கடைசியாகத்தான் கேட்கிறோம்.

இன்னொன்று. வெர்டி மனை வாங்கியது படுக்கையில் விழுந்த பிறகு இல்லை. நன்றாக நடமாடிக்கொண்டு, இசையமைத்துக்கொண்டு இருந்தபோது. மனை வாங்கியதிலிருந்து இல்லம் திறக்க 13 ஆண்டுகள் ஆயின. இடையில் அறை, பெயர், பணம், உயில் என்று ஒவ்வொன்றையும் நிதானமாக யோசிக்க அவருக்கு அவகாசம் இருந்தது.

நம் வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் தொடங்குவது, பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சொல்லும் நாளில். அன்றைக்கு எடுக்கும் முடிவு, கிடைத்த இடத்தைப் பிடிக்கும் முடிவாகத்தான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் தெம்பாக இருக்கும்போதே, அவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளோடு இருப்பதா, சொந்த வீட்டிலேயே உதவியாள் வைத்துக்கொள்வதா, இப்படி ஓர் இல்லத்துக்குப் போவதா என்பது அவர்கள் சொல்ல வேண்டிய பதில். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.